எம்டனும் சிட்னியும்

போர்க்கப்பலின் ஆயுள் மனிதனின் ஆயுளைக் காட்டிலும் குறுகியது. முப்பது ஆண்டுகள் உப்புநீரில் உழைத்துவிட்டால் அது முதுமை எய்திவிடுகிறது; அதன் பின்னர் அதை உடைத்துப் பழைய இரும்பாக விற்பார்கள், அல்லது புதிய பீரங்கிகளின் பரீட்சைக்கு இலக்காக நிறுத்தி மூழ்கடிப்பார்கள்; யுத்தத்தில் அகப்பட்ட கப்பலோ அந்த முதுமையையும் காணாமல் சமுத்திரத்தின் அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் கப்பலின் பெயருக்கு இந்த விதி இல்லை. கடற்படை வைத்து ஆளும் தேசங்கள் யாவும், கப்பல் மறைந்த பின்னரும் அதன் பெயரைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, தக்க காலம் வந்ததும் புதிதாகக் கட்டிய மற்றொன்றுக்கு அதைச் சூட்டுகின்றன. பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு வைத்து, வீட்டில் அந்தப் பெயர் மீண்டும் ஒலிக்கக் கேட்டு மகிழும் நம்முடைய குடும்ப வழக்கத்தை இது பெரிதும் ஒத்திருக்கிறது.

இந்தச் சம்பிரதாயத்தை மிகுந்த சிரத்தையோடு போற்றி வளர்த்தது பிரிட்டிஷ் கடற்படை. அங்கே ஒரு கப்பல் பெற்ற யுத்த கௌரவங்கள் அந்தக் கப்பலோடு முடிந்துபோவதில்லை. அதே பெயரில் பின்னால் வரும் கப்பல்கள் அனைத்துக்கும் அவை பரம்பரைச் சொத்தாகின்றன. இன்ன சமர், இன்ன ஆண்டு என்று வரிசையாகப் பொறித்த மரப்பலகை ஒன்றை, நேற்றுத்தான் நீரில் இறங்கிய கப்பலிலும் யாவர் கண்ணிலும் படும்படி மாட்டிவைத்திருப்பார்கள். இருபது வயது நிரம்பாத மாலுமி ஒருவன் அதன் எதிரே நின்று படிக்கும்போது, தான் பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன் நிகழ்ந்த போர்களுக்குத் தானும் ஒருவகையில் வாரிசு என்று உணரவேண்டும் என்பதே அதன் கருத்து. ஆஸ்திரேலியா, கனடா, நியூஸிலாந்து ஆகிய தேசங்களின் கடற்படைகள் இவ்வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டன. ஜெர்மானியரும் அமெரிக்கரும் தத்தமக்கேற்ற முறையில் கைக்கொண்டார்கள்.

இவ்வாறு வழிவழியாக வந்த பெயர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. அவற்றுள் இரண்டை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று எம்டன், மற்றொன்று சிட்னி. 1914-ஆம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி காலையில் இந்து மகா சமுத்திரத்தின் நடுவே இவ்விரு பெயர்களும் எதிரெதிராக நின்று போரிட்டன. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. எனினும் வென்ற பெயரும் தோற்ற பெயரும் ஒருங்கே இன்றளவும் தத்தம் தேசத்துக் கப்பல்களில் விளங்கி வருகின்றன. வெற்றியைப் பெயரில் ஏற்றிப் போற்றுவது எவருக்கும் எளிது. தோல்வியுற்ற கப்பலின் பெயரை ஒரு தேசம் ஐந்து முறை திரும்பச் சூட்டியது ஏன் என்பதே சிந்திக்கத்தக்கது.

எம்ஸ் நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில், ஜெர்மனியின் வடமேற்குக் கோடியில் உள்ள துறைமுக நகரம் எம்டன். ஜெர்மன் ஏகாதிபத்தியத்தின் காலத்தில் சிறு குரூஸர் கப்பல்களுக்கு நகரங்களின் பெயரை வைப்பது வழக்கமாக இருந்தபடியால், டான்ஸிக் துறைமுகத்தில் கட்டப்பெற்று 1908-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீரில் இறக்கப்பட்ட குரூஸர் ஒன்றுக்கு இந்நகரத்தின் பெயர் கிடைத்தது. பத்துப் பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் பத்தரை சென்டிமீட்டர் அகலம், மூன்று புகைபோக்கிகள், நிலக்கரி எரித்து ஓடும் பழைய பாணி நீராவி இயந்திரங்கள். அக்காலத்துப் பெருங்கப்பல்களின் எதிரே அது அற்பமானதே. ஆயினும் சீனக் கடலில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்தில் வெள்ளை வர்ணம் பூசிக்கொண்டு நின்ற அதன் ஒடுங்கிய உருவத்தைக் கண்டவர்கள், கிழக்குத் திசையின் அன்னம் என்று அதை அழைத்தார்கள்.

அந்தக் கப்பலுக்குத் தலைவராக வாய்த்தவர் கார்ல் ஃபான் முல்லர். அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவம் உடையவர், கடமையில் கண்டிப்பானவர். யுத்தம் மூண்ட சில தினங்களில், ஜெர்மனியின் கீழைக்கடற் படைப்பிரிவுக்குத் தலைமை வகித்த அட்மிரல் ஷ்பே தம் கப்பல்களையெல்லாம் பசிபிக் தீவு ஒன்றில் கூட்டி, மேலே செய்யவேண்டியதைக் குறித்து ஆலோசித்தபோது, கூட்டமாகப் போனால் அத்தனை கப்பல்களுக்கும் நிலக்கரி கிடைப்பது அரிது என்றும், ஒரே ஒரு குரூஸரை இந்து மகா சமுத்திரத்துக்கு அனுப்பினால் எதிரியின் வர்த்தகத்தை அது கலக்கிவிடும் என்றும் முல்லர் யோசனை சொன்னார். யோசனை சொன்னவரிடமே அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. நிலக்கரி ஏற்றிய ஒரு துணைக்கப்பலை உடன் அழைத்துக்கொண்டு எம்டன் தன்னந்தனியே மேற்கு நோக்கிப் புறப்பட்டது.

பிரிட்டிஷ் குரூஸர்கள் பலவற்றுக்கு நான்கு புகைபோக்கிகள் இருந்தன, எம்டனுக்கோ மூன்று. ஆகவே மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து, வேண்டும்போது நிறுத்தவும் வேண்டாதபோது மடக்கவும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பிரிட்டிஷ் கப்பலாகவே தோன்றியது. 1914 செப்டம்பர் மாதத்தில் வங்காள விரிகுடாவில் நுழைந்து, கல்கத்தாவுக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் வர்த்தகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தார்கள். பிடித்த கப்பலிலிருந்த மனிதர் அனைவரையும் அவர்கள் உடைமைகளோடு வேறொரு கப்பலுக்கு மாற்றிய பிறகே அதை மூழ்கடிப்பது முல்லரின் நியமம். கபிங்கா என்ற கப்பலின் தலைவர் தம் மனைவியையும் குழந்தையையும் உடன் அழைத்து வந்திருந்தபடியால், அக்கப்பலை மூழ்கடிக்காமல், பிடிபட்ட மற்றவர்களையும் அதிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். இவ்விதம் விடுதலை பெற்றுக் கரை சேர்ந்த பிரிட்டிஷ் மாலுமிகளே எம்டனின் புகழை முதன்முதலில் ஊர் ஊராகச் சொன்னவர்கள் என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஏறக்குறைய ஒன்பதரை மணிக்கு எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. சென்னைத் துறைமுகத்தில் யுத்தகாலத்துக்குரிய இருட்டடிப்பு எதுவும் இல்லை; கலங்கரை விளக்கமும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து மூவாயிரம் கஜ தூரத்துக்குள் வந்து, தேடுவிளக்கைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் தொட்டிகளை அடையாளம் கண்டுகொண்டு, அரைமணி நேரத்தில் ஏறத்தாழ நூற்று முப்பது குண்டுகளைச் சுட்டுவிட்டுத் திரும்பியது. எண்ணெய் தீப்பற்றி எரிந்த வெளிச்சம் கடலில் நெடுந்தூரத்துக்குத் தெரிந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் கப்பலில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பொருள் நஷ்டம் ஓரளவே. ஜனங்களின் மனத்தில் விழுந்த அடியோ பெரிது. மறுநாள் முதல் பட்டணத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். ரயில் நிலையங்களில் நிற்க இடமில்லை. கடலுக்கு அதிபதிகள் என்று சொல்லிக்கொண்டவர்களால் தம் ராஜதானி நகரத்தின் வாசலைக்கூடக் காக்க முடியவில்லையே என்ற எண்ணத்தை இந்தியர் மனத்தில் உண்டாக்குவதே முல்லரின் நோக்கமாகவும் இருந்தது. அதில் அவர் முழு வெற்றி பெற்றார். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்றொரு கதை நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்குகிறது. அந்தத் தேசபக்தர் அப்போது ஐரோப்பாவில் இருந்தவர். அவருடைய தியாகங்கள் மெய்யானவை, அவற்றுக்கு இந்தக் கதையின் உதவி தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதிலில் இந்த நிகழ்ச்சியைக் குறித்துக் கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். சாமர்த்தியமும் துணிவும் மிகுந்தவனை எம்டன் என்று சொல்லும் பேச்சோ கல்வெட்டை விட உறுதியாக நம்மவர் நாவில் நிலைத்துவிட்டது.

அதன்பின் எம்டன் இலங்கைக் கரையோரம் சென்று கொழும்புக்கு அருகிலும் சில கப்பல்களைப் பிடித்தது. அக்டோபர் மாதத்தில் டியாகோ கார்சியா தீவை அடைந்தபோது, அங்கிருந்தவர்களுக்கு ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருக்கும் செய்தியே எட்டவில்லை. அவர்கள் வந்தவர்களை விருந்தினராக உபசரித்தார்கள். முல்லரின் ஆட்கள் அதற்குக் கைம்மாறாக, தென்னந்தோப்பு நிர்வாகியின் பழுதுபட்ட மோட்டார்ப் படகைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மாதம் 28-ந் தேதி விடியற்காலையில், கித்தான் புகைபோக்கியை நிமிர்த்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, நங்கூரமிட்டு நின்ற ருஷ்ய குரூஸர் ஒன்றை டார்ப்பீடோவால் பிளந்தார்கள்; வெளியே வரும் வழியில் எதிர்ப்பட்ட பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தார்கள். பிறகு அந்தப் பிரெஞ்சு மாலுமிகளில் உயிரோடு மிதந்தவர்களைத் தேடி எடுத்துச் சிகிச்சை செய்து, எதிரே வந்த வர்த்தகக் கப்பலொன்றில் ஏற்றி அனுப்பினார்கள். போர் என்பது கொடுமைதான்; பினாங்கில் இறந்த ருஷ்ய மாலுமிகளுக்கு எம்டனின் தாட்சிணியம் எந்த விதத்திலும் ஆறுதலாகாது. ஆயினும் கொல்லும் தொழிலை ஏற்றவர்களுக்குள்ளும் இன்ன எல்லையைத் தாண்டுவதில்லை என்று விரதம் பூண்டவர்கள் உண்டு; பூணாதவர்களும் உண்டு. அந்த வேற்றுமை மிகப் பெரிது.

முடிவு கோகோஸ் தீவுகளில் வந்தது. அங்கிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தையும் கடலடித் தந்திக் கம்பிகளையும் அழிப்பதற்காக, ஹெல்முட் ஃபான் முக்கே என்னும் உபதலைவரின் கீழ் ஏறக்குறைய ஐம்பது பேரை முல்லர் கரையில் இறக்கினார். தந்திக் கம்பம் விழும்போது தங்கள் டென்னிஸ் மைதானத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொள்ள, முக்கே அதற்கும் இணங்கி வேறு திசையில் சாய்த்தார். ஆனால் நிலையத்தார் அதற்கு முன்பே, அன்னியக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தியை வானில் அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்த பெரிய கப்பற்கூட்டம் அச்சமயம் அங்கிருந்து ஐம்பது மைல் தொலைவில்தான் இருந்தது; அதற்குக் காவலாக வந்த குரூஸர்களுள் ஒன்று சிட்னி.

சிட்னி எம்டனைவிடப் பெரியது, வேகம் மிக்கது. அதன் எட்டுப் பீரங்கிகளும் ஆறு அங்குல வாய் உடையவை. எம்டனின் முதல் குண்டுகள் வியக்கத்தக்க தூரத்திலிருந்து குறிதவறாமல் விழுந்தன. ஆனால் சிட்னியின் தலைவர் ஜான் கிளாஸப் விலகி நின்று, எம்டனின் சிறு பீரங்கிகளால் எளிதில் எட்ட முடியாத தூரத்திலிருந்து தாக்கத் தொடங்கியதும் முடிவு நிச்சயமாகிவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று புகைபோக்கிகளும் முன்பாய்மரமும் சாய்ந்தன, சுக்கான் செயலிழந்தது. எஞ்சிய உயிர்களையேனும் காப்பாற்றுவதற்காக முல்லர் கப்பலை வடகீலிங் தீவின் பவளப்பாறையில் ஓட்டி ஏற்றினார். எம்டனில் 130-க்கு மேற்பட்டோர் மாண்டனர், சிட்னியில் நால்வர். சிறைப்பட்ட ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ஆணை அனுப்பியது. கரையில் அகப்பட்ட முக்கேயின் குழுவினரோ, அங்கே நின்ற ஆயிஷா என்னும் பழைய பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்திராவுக்கும், அங்கிருந்து வேறொரு கப்பலில் அரேபியாவுக்கும், பின்பு பாலைவனத்தின் வழியாகவும் பயணம் செய்து, 1915 மே மாதத்தில் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் பெயரின் கதை தொடங்குகிறது. கப்பல் வீழ்ந்த செய்தி எட்டியதும், புதிய எம்டன் ஒன்று கட்டப்படும் என்றும் அதன் முகப்பில் இரும்புச் சிலுவைச் சின்னம் பொறிக்கப்படும் என்றும் கைஸர் வில்ஹெல்ம் அறிவித்தார். எம்டனின் மாலுமிகளில் உயிர் தப்பியவர்களுக்குத் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதையும் இணைத்துக்கொள்ளும் உரிமை பின்னாளில் அளிக்கப்பட்டது; அந்த இரட்டைப் பெயரைத் தாங்கிய குடும்பங்கள் ஜெர்மனியில் இன்றும் உண்டு. யுத்தத்தின் முதல் ஆண்டில் இழந்த குரூஸர்களான கோனிக்ஸ்பெர்க், கார்ல்ஸ்ரூஹே, எம்டன், நூர்ன்பெர்க் ஆகிய நான்கின் பெயர்களையும் ஒரே அச்சில் கட்டிய நான்கு புதுக்கப்பல்களுக்குச் சூட்டினார்கள். இழந்தது எதுவோ அதையே திரும்ப நிறுத்துவோம் என்று ஒரு தேசம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு வேறு உதாரணம் எளிதில் கிடைக்காது.

இரண்டாவது எம்டன் 1916 டிசம்பரில் சேவைக்கு வந்தது. அதன் பெயர் சரித்திரத்தில் பதிந்தது போரால் அன்று. யுத்தம் முடிந்து, சரணடைந்த ஜெர்மன் கடற்படை ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஸ்காப்பா ஃப்ளோ என்னும் நீர்நிலையில் சிறைப்பட்டுக் கிடந்தபோது நிகழ்ந்த ஒரு செயலால். தாம் முதலில் இருந்த பெரிய கப்பலின் மாலுமிகள் கட்டுப்பாடு இழந்து கலகம் செய்தபடியால், அப்படைக்குத் தலைமை வகித்த அட்மிரல் ராய்ட்டர் தம் கொடியை எம்டனுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 1919 ஜூன் 21-ந் தேதி காலையில், கப்பல்களை அவற்றின் மாலுமிகளே மூழ்கடித்துவிடவேண்டும் என்ற ரகசியக் கட்டளைக்குரிய சமிக்ஞை எம்டனிலிருந்தே புறப்பட்டது. அங்கு நின்ற 74 கப்பல்களில் 52 நீரில் ஆழ்ந்தன. கட்டளை பிறந்த எம்டனோ மூழ்கவில்லை. பிரிட்டிஷார் அதை இழுத்துக் கரையேற்றிவிட்டார்கள். பின்னர் பிரான்ஸின் பங்காகப் போய், குண்டுப் பரீட்சைக்கு இலக்காகி, 1926-ல் உடைக்கப்பட்டது.

அது உடைபடுவதற்கு முன்பே மூன்றாவது எம்டன் பிறந்துவிட்டது. வெர்ஸாய் உடன்படிக்கையால் கைகால் கட்டப்பட்ட ஜெர்மன் குடியரசு, யுத்தத்துக்குப் பின் முதன்முதலாகக் கட்டிய பெரிய போர்க்கப்பலுக்கு எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது என்பதைக் கவனிக்கவேண்டும். 1925 ஜனவரியில் வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் நீரில் இறங்கிய அதற்கு எம்டன் என்றே பெயரிட்டார்கள். கைஸர் போய்விட்டார், கொடி மாறிவிட்டது, ஆயினும் பெயர் நீடித்தது; ஏனெனில் உலகமே ஜெர்மனியை வெறுத்த காலத்திலும் எதிரிகள் மரியாதையோடு உச்சரித்த பெயர் அது ஒன்றே. பயிற்சிக் கப்பலாக உலகைச் சுற்றிய அது, 1927-ல் கோகோஸ் தீவுகளுக்குச் சென்று தன் முன்னோரின் சமாதிக்கு அஞ்சலி செலுத்தியது. 1933-ல் ஆஸ்திரேலியா, பழைய எம்டனின் சிதைவிலிருந்து எடுத்த பெயர்ப்பலகையை நல்லெண்ணத்தின் அடையாளமாக ஜெர்மனிக்குத் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் பெயரைக் காப்பவர் யாரோ அவர்களைப் பொறுத்தே பெயரின் கதியும் அமைகிறது. அதே 1933-ல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. 1934-ல் இந்த எம்டனுக்குத் தலைவராக வந்த கார்ல் டோனிட்ஸ், பிற்பாடு நாஜிக் கடற்படைக்கே தலைவராகி, ஹிட்லருக்குப் பின் அவருடைய ஸ்தானத்தையும் பெற்றார். பழைய எம்டனின் வீரரான முக்கேயோ, சிலகாலம் நாஜிகளோடு இருந்து பின் விலகி, யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காக அந்த ஆட்சியாலேயே சிறை வைக்கப்பட்டார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய நான்காம் நாள், 1939 செப்டம்பர் 4-ந் தேதி, வில்ஹெல்ம்ஸ்ஹாவனைத் தாக்க வந்த பிரிட்டிஷ் விமானங்களுள் ஒன்று அடிபட்டு எம்டன் கப்பலின் மீதே விழுந்தது. மாலுமிகள் பலர் இறந்தனர். அந்த விமானத்தைச் செலுத்தி வந்து உயிர்நீத்தவரின் குடும்பப் பெயரும் எம்டன். கதைகளில் எழுதினால் நம்பத்தகாதது என்று தள்ளிவிடக்கூடிய இச்செய்தி மெய்யாகவே நிகழ்ந்தது. அடுத்த ஏப்ரலில் நார்வே மீது படையெடுத்து ஓஸ்லோவுக்குச் சென்ற கப்பல்களில் எம்டனும் ஒன்று. நடுநிலை வகித்த சிறு நாட்டின்மேல் முன்னறிவிப்பின்றிப் பாய்ந்த அந்தச் செயலை, பிடித்த கப்பலின் மனிதரை முதலில் இறக்கிவிட்ட முல்லரின் பெயரோடு சேர்த்து நினைக்க மனம் கூசுகிறது. 1945 மே மாதத் தொடக்கத்தில், கீல் நகருக்கு அருகே தரைதட்டிக் கிடந்த அந்தக் கப்பலை அதன் மாலுமிகளே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

சிட்னி என்ற பெயரின் பாதை வேறு. முதல் சிட்னி கௌரவமாக வாழ்ந்து 1928-ல் ஓய்வு பெற்றது. அதன் பாய்மரம் சிட்னித் துறைமுகத்தின் பிராட்லீஸ் முனையில் இன்றும் நிற்கிறது. அதே நகரத்தின் ஹைட் பூங்காவில் எம்டனின் பீரங்கி ஒன்றையும் காணலாம். இரண்டாவது சிட்னி, பிரிட்டிஷ் கடற்படைக்காக வேறு பெயரில் தொடங்கிப் பாதியில் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்பட்ட குரூஸர். 1940 ஜூலையில் கிரீட் தீவுக்கு அருகே இத்தாலியக் குரூஸர் ஒன்றை மூழ்கடித்து அது தாயகம் திரும்பியபோது நகரமே திரண்டு வரவேற்றது. மறு ஆண்டு, 1941 நவம்பர் 19-ந் தேதி, மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால், டச்சு வர்த்தகக் கப்பலாக வேஷமிட்டிருந்த கோர்மொரான் என்னும் ஜெர்மன் கப்பலை விசாரிப்பதற்காக அது மிக அருகில் சென்றது. வேஷம் கலைந்த கணத்தில் இரண்டும் ஒன்றையொன்று தாக்கின, இரண்டும் அழிந்தன. கோர்மொரானில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கப்பல் எங்கே கிடக்கிறது என்பதே அறுபத்தாறு ஆண்டுகள் தெரியாமல், 2008 மார்ச் மாதத்தில்தான் கடலடியில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பெருந்துயரில் ஆஸ்திரேலிய மக்கள் செய்தது என்ன? அழிந்த கப்பலுக்குப் பதில் வேறொன்று வாங்குவதற்கென்று நிதி தொடங்கினார்கள். சாதாரண ஜனங்கள் கொடுத்த பணம் நான்கு லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. 1948 டிசம்பரில் பிரிட்டனிலிருந்து பெற்ற விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு அத்தொகை உதவியது. அதற்குச் சிட்னி என்றே பெயரிட்டார்கள். கொரிய யுத்தத்தில் அதிலிருந்து விமானங்கள் பறந்தன. வியட்நாம் யுத்தகாலத்தில் துருப்புகளை ஏற்றிச் செல்லும் கப்பலாயிற்று. நான்காவது சிட்னி 1983 முதல் 2015 வரை உழைத்தது. ஐந்தாவது சிட்னி 2020 மே மாதத்தில் நடுக்கடலிலேயே சேவையில் சேர்க்கப்பட்டது. தொற்றுநோயின் காரணமாகத் துறைமுகத்தில் விழா நடத்த முடியாமற்போன ஆண்டு அது. இந்தப் பெயருக்குரிய யுத்த கௌரவங்களில், எம்டன் 1914 என்றும் கோர்மொரான் 1941 என்றும் இரண்டு வரிகள் உண்டு. தான் வென்ற கப்பலின் பெயரையும் தன்னை விழுங்கிய கப்பலின் பெயரையும் ஒரே பட்டியலில் வைத்துப் போற்றும் நேர்மையை நான் மிக மதிக்கிறேன்.

ஜெர்மனியில் இரண்டாம் யுத்தத்துக்குப் பின் புதுக் கடற்படை அமைந்தபோது, எந்தப் பெயர் தகும், எது தகாது என்ற கேள்வி முன்னிலும் கடினமாயிற்று. கோனிக்ஸ்பெர்க் என்ற பெயரை இனிச் சூட்ட வழியில்லை. அந்நகரமே ருஷ்யர் வசமாகிக் காலினின்கிராட் ஆகிவிட்டது. ஹிட்லர் காலத்துப் படைத்தலைவர்களின் பெயரைச் சில கப்பல்களுக்கு வைத்துவிட்டுப் பின்னால் அதற்காக வாதப்பிரதிவாதங்களைச் சந்திக்க நேர்ந்தது. எம்டனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. 1961-ல் நான்காவது எம்டன் வந்தது. 1983-ல் அதைத் துருக்கிக்குக் கொடுத்துவிட்டு, அவ்வாண்டிலேயே ஐந்தாவதைச் சேவையில் சேர்த்தார்கள். அந்த ஐந்தாவது கப்பல் எம்டன் நகரத்துத் தளத்திலேயே கட்டப்பட்டது. முப்பது ஆண்டுகள் உழைத்து 2013-ல் ஓய்வு பெற்றது. ஆறாவதான சிறு போர்க்கப்பலுக்கு 2023-ல் ஹாம்பர்க்கில் பெயர்சூட்டு விழா நடந்தது. முடியரசு, குடியரசு, கொடுங்கோன்மை, மறுபடி குடியரசு என்று நான்கு ஆட்சிகளைக் கடந்து ஒரு பெயர் வந்திருக்கிறதென்றால், அது எண்ணெய்த் தொட்டியில் விழுந்த குண்டுகளின் பலத்தால் அன்று. பிடித்தவர்களை மனிதராக நடத்திய ஒரு தலைவரின் பலத்தால் என்பதே என் துணிபு. மூன்றாவது எம்டன் பெயருக்கு ஏற்றிய களங்கத்தையும் முதல் எம்டனின் ஒழுக்கம் தாங்கி நின்றது.

இதில் மற்றொன்றும் உண்டு. முல்லர் தம் சாகசங்களைப் பற்றி நூல் எழுத மறுத்துவிட்டார். இறந்துபோன தோழர்களின் ரத்தத்தைக் காசாக்குவதாகும் என்று கருதி, 1923-ல் காலமாகும் வரை மௌனமாகவே இருந்தார். அந்த மௌனம் பெருந்தன்மையானது. ஆனால் முக்கே 1915-லேயே எழுதிவிட்டார். மற்ற அதிகாரிகளும் பின்பு எழுதினார்கள். கரை சேர்ந்த பிரிட்டிஷ் மாலுமிகள் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். இவர்கள் சொல்லாதிருந்தால், புதிய கப்பலுக்கு எம்டன் என்று பெயர் வைக்கும்போது அது வெறும் ஊர்ப்பெயராகவே நின்றிருக்கும்.

நம் தேசத்துக் கடற்படையும் இந்தச் சம்பிரதாயத்தை வழுவாமல் கடைப்பிடிக்கிறது. 1971 டிசம்பர் 9-ந் தேதி இரவு, டையூ தீவுக்கு அப்பால் அரபிக் கடலில், பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்ப்பீடோவால் குக்ரி என்ற போர்க்கப்பல் மூழ்கியபோது, அதன் தலைவர் மகேந்திரநாத் முல்லா மாலுமிகளை வெளியேற்றுவதில் முனைந்து, கப்பலோடு தாமும் ஆழ்ந்தார். அன்று மாண்டவர் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும். 1989-ல் புதிய குக்ரி வந்தது. 2021-ல் அது ஓய்வு பெற்றதும் அதை டையூ நகருக்கே நினைவுச் சின்னமாக அளித்தார்கள். 1961-ல் சேவைக்கு வந்து 1971-ல் சிட்டகாங்கின் மீது விமானங்களை ஏவிய பழைய விக்ராந்த் உடைபட்டுவிட்டது. 2022 செப்டம்பர் 2-ந் தேதி கொச்சியில் அதே பெயரும் அதே அடையாள எண்ணும் தாங்கிய புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. டில்லி, மைசூர், கல்வரி என்று இன்னும் பல பெயர்கள் இரண்டாம் பிறவி எடுத்திருக்கின்றன.

இந்தக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதும் செய்ததும் தமிழில் எழுதப்படவேண்டும்; எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் சொல்ல, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதிவைக்கவேண்டும். முன்னதன் விருத்தாந்தம் தெரிந்தால்தான் பின்னதன் பெயருக்குப் பொருள் உண்டு. பழைய விக்ராந்தின் தளத்தில் நின்றவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.